‘நிருவாகி’ என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஸகியா

என் தங்கை ஸகியா தடைகளுக்கு நடுவே வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். திகதிகளையும் எண்ணிக்கைகளையும் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன்.

சுனாமி அடித்த பிறகு நான்கரை மாதம் பாடசாலைக் கட்டடமொன்றில் அகதியாக இருந்துகொண்டே கணினி டிப்ளோமாப் பரீட்சை எழுதினாள். இருபத்தாறு பேர் படித்த வகுப்பில் இரண்டாமிடம். அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் மூன்று பேர்தான். 2006 பெப்ரவரியில் கல்முனையில் ஒரு பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கும் வேலை எடுத்தாள். நேர்முகத்தில் “பெண்பிள்ளைக்கு இது சரிவராது” என்று சொன்னவருடைய மகன்மார் இருவருக்கும் பிறகு அவளே படிப்பித்தாள். 2006 ஆகஸ்ட் 20ஆம் திகதி ‘எங்கடாக்கள்’ என்ற இணையத்தளத்தைத் தனியாளாகக் கட்டித் திறந்தாள். 2009 மே முடிவில் அதில் 2,314 உறுப்பினர்கள் இருந்தார்கள். சுனாமியில் திசைமாறிப்போய் அந்தத் தளத்தினால் மீண்டும் கண்டுகொண்ட குடும்பங்கள் முப்பத்தேழு. கடைசியாக, அதைப் பறிக்க வந்தவர்களிடம் பறிகொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் எவரைக் கேட்டாலும் “அது முனாப்ட தளந்தானே” என்பார்கள். முனாப் நான்தான். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். வீடுகளுக்கு வயரிங் செய்பவன். கணினிக்கு மின்சாரம் வருகிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சந்தியில் நிற்கும்போது “உங்களாலதான் எங்கட சாச்சியக் கண்டுபிடிச்ச” என்று யாராவது கையைப் பிடித்தால் எனக்குத் தலை சூடாகிவிடும். “நானில்ல, என்ட தங்கச்சி” என்று சொல்வேன். “பெருமையில்லாத மனுசன்” என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு ஸகியா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கல்முனையில் இன்டர்நெட் கடை வந்த புதிது. தனியாகப் போக உம்மா விடமாட்டார் என்பதால் சனிக்கிழமைகளில் நான் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் காலத்தில் ‘பிரெண்ட்ஸ்டர்’ என்று ஒன்று இருந்தது. பெயரைப் பதிந்தால் நமக்கென்று ஒரு பக்கம் தருவார்கள், நண்பர்களைச் சேர்க்கலாம், நண்பருடைய நண்பர்களையும் பார்க்கலாம். ஸகியா பதியத் தொடங்கி இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள்.

“காக்கா, குடும்பப் பேர் கேக்குது.”

“வாப்பாட பேரப் போடு.”

“அது வாப்பாட பேர். குடும்பத்துட பேரெண்டு நமக்கு என்ன இரிக்கு?”

வாப்பாவின் பெயரையே போட்டாள். படத்துக்குச் சூரியகாந்திப்பூ ஒன்றை வைத்தாள். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளைகள். மற்ற மூவரும் கொழும்பு.

“மணிலாவில இரிக்கிறவளக் கண்டுபிடிக்கேலும். பக்கத்தில மருதமுனையில இரிக்கிற நம்மட மாமியக் கண்டுபிடிக்கேலாது” என்று அன்றைக்கே சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த வருடம் டிசம்பர் 26. எங்கள் வீடு கடலிலிருந்து நூற்றைம்பது மீற்றர். வாப்பா மௌத்தானார். உம்மாவும் ஸகியாவும் நானும் தப்பினோம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

எழுத வேண்டியது பள்ளிவாசல் சுவரில் ஒட்டிய பட்டியல்களைப் பற்றி. உயிரோடிருப்போர், காணாமற்போனோர், எந்த முகாமில் யார் என்று நாளுக்கொரு தாள் ஒட்டுவார்கள். ஒரே பட்டியலில் ஒரே முதலெழுத்தோடு ஐந்து ஜெமீலாக்கள் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கிறவர் “ஜெமீலா இரிக்காவா?” என்று கேட்பார். “இரிக்கா” என்று யாரோ சொல்வார்கள். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று போனை வைத்துவிடுவார். ஆனால் அது வேறு ஜெமீலா. இப்படி ஒரு குடும்பம் ஒன்பது நாள் சந்தோஷமாக இருந்து பத்தாம் நாள் செய்தி அறிந்தது.

ஸகியா ஒரு கொப்பி எடுத்துப் பட்டியல்களை மறுபடி எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பிரிவு கூட்டினாள். உம்மாவின் பெயர், குடி. எங்கள் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். எனவே ஓர் ஆணைப் பிறந்த வீட்டில் தேடிப் பயனில்லை, மனைவியின் வீட்டில் தேட வேண்டும். இது எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எந்தப் பட்டியலிலும் இதற்கு இடம் இருக்கவில்லை. கொப்பியில் அந்த இரண்டு பிரிவையும் போட்டதும் ஐந்து ஜெமீலாக்களும் ஐந்து ஆட்களாகப் பிரிந்து வந்தார்கள்.

அந்தக் கொப்பிதான் ஒன்றரை வருடம் கழித்துத் தளமாகியது. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கினாள். இறக்கி முடிய ஆறு நாள் எடுத்தது, தொலைபேசி இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும். மின்வெட்டுக்காக நான் ஒரு வாகனப் பட்டரியை மேசைக்குக் கீழே பூட்டிக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான். பதியும்போது முதற்கேள்வி “உங்கள் உம்மா யார்?” இரண்டாவது “எந்தக் குடி?” மூன்றாவதுதான் சொந்தப் பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து உம்மாவின் பக்கத்துக்கும், உம்மாவிலிருந்து அவருடைய தங்கைமாரான சாச்சிமாரின் பக்கத்துக்கும் போகலாம்.

திறந்த மறுநாளே முறைப்பாடு. அரைவாசிப் பேருக்குத் திரையில் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. “கட்டங் கட்டமா வருது, ஊடு கட்டி வச்சிரிக்கீங்களா?” என்று தோஹாவிலிருந்து ஒருவர் என்னிடம் போனில் கேட்டார். ஒவ்வொருவருக்கும் எழுத்துருவை எப்படிப் போடுவது என்று ஸகியா தனித்தனியாக எழுதி அனுப்பினாள். இருநூறு பேருக்கு மேல்.

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், தளத்தின் அடியில் இருந்தது என் தொலைபேசி இலக்கம். அது உம்மாவின் வேலை. எங்கள் உம்மா சல்மா உம்மா, எதையும் ஒரே தடவை சொல்பவர்.

“மகள், உன்ட பேரப் போடாத. கண்டவன் நிண்டவனெல்லாம் கதைப்பான்.”

“பேர் போடல்ல உம்மா. நிருவாகி எண்டு மட்டும் போடுறன்.”

“அது ஆரு?”

“நான்தான்.”

“அப்ப காக்காட நம்பரப் போடு.”

போட்டாள். நானும் சரி என்றேன். அந்தச் சம்மதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

2007 தொடக்கத்தில் யுத்தம் எங்கள் மாகாணத்தில் மூண்டிருந்தது. ஆட்களைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்ற கதை வாரத்துக்கு வாரம் வந்தது. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று எவரும் பார்க்கும்படி வைத்திருப்பது சரியில்லை என்று ஸகியா வீதிப் பெயர், வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்கினாள். நீக்கியதும் பழைய குழப்பம் திரும்பியது. ஒரே குடியில், ஒரே பெயருடைய உம்மாவுக்கு, ஒரே பெயருடைய மகன். ஒருவரையொருவர் வேறுபடுத்த வழியில்லை.

அப்போதுதான் நாலாவது கேள்வியைக் கூட்டினாள். “ஊர் உங்களை எப்படி அழைக்கும்?”

இது உடனே வேலை செய்தது. ஸம்ஸியா என்றொரு பெண் றியாத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். சுனாமியில் அவளுடைய வீடு போய்விட்டது. தாயை யாரோ ஒருவர் இறக்காமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதாக மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். அந்த ஆளுடைய சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. ‘மம்பட்டிக் காக்கா’ என்பது மட்டும் தெரியும். ஸகியாவின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினாள். ஒரே ஓர் ஆள் வந்தார். தாய் அவர் வீட்டில் இருந்தார்.

ஸம்ஸியா எனக்குத்தான் அழைத்தாள்.

“முனாப் காக்கா, அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான். ரெண்டே கால் வரிசமா அழுதழுது...”

“புள்ள, அது நானில்ல. என்ட தங்கச்சி ஸகியா.”

“ஓம் காக்கா, அவக்கும் சலாம் சொல்லுங்க. நீங்க நல்லா இரிக்கணும்.”

போனை வைத்துவிட்டுச் சொன்னேன். ஸகியா சிரித்தாள். “சலாம் வந்தாக் காணும் காக்கா” என்றாள். எனக்குக் காணவில்லை; சலாம் மட்டும் எப்படிப் போதும்?

ஆனால் நாலாவது கேள்வியில் ஒரு பெரிய பிழை இருந்தது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை. எல்லாரும் எல்லாருடையதையும் அறிவார்கள், எல்லாரும் சொல்வார்கள். ஆனால் உரியவரின் முகத்துக்கு முன்னால் மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள். தளத்தில் ஒருவருடைய பக்கத்தை அவருடைய உறவினரும் நிரப்பலாம் என்று ஸகியா விட்டிருந்தாள். காணாமற்போனவர் தன் பக்கத்தைத் தானே நிரப்ப முடியாதல்லவா? சொந்தக்காரர்கள் நிரப்பினார்கள். உயிரோடு பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் நிரப்பினார்கள். மூன்று மாதத்தில் ஊரின் பட்டப்பெயர்களெல்லாம் வரிசையாக ஏறிவிட்டன.

2008 மார்ச்சில் ஒரு நாள் நான் வீட்டுத்திட்டமொன்றில் ஏணியில் நின்று சீலிங்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே அபுல் ஹஸன் ஹாஜியார் வந்து நின்றார். எங்கள் பகுதி நலன்புரிச் சங்கத்தின் தலைவர்.

“முனாப், கீழ இறங்கு.”

இறங்கினேன்.

“ஆமைக்கால் எண்டு போட்டது ஆரு?”

“எங்க ஹாஜி?”

“எங்கயா? உன்ட கொம்பியூட்டர்ல!”

“அது என்ட இல்ல ஹாஜி. தங்கச்சிர.”

“வெக்கமில்லையா உனக்கு? செய்யிறதயும் செஞ்சிட்டுக் குமர்ப்புள்ளட தலையில பழியப் போடுறாய்!”

நடந்தது இதுதான். அவருடைய மகளுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை பகுதியார் வீடு பார்க்க வந்தார்கள். சந்தியில் இறங்கி “அபுல் ஹஸன் ஹாஜியார் வீடு எது?” என்று கேட்டிருக்கிறார்கள். “எந்த அபுல் ஹஸன்? நாலு பேர் இரிக்காங்க” என்று ஓட்டோக்காரர் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் மாமா தளத்தில் பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு, “ஆமைக்கால் ஹாஜியார் எண்டு கிடந்திச்சு” என்றிருக்கிறார். “அப்பிடிச் சொல்லுங்களன்” என்று ஓட்டோக்காரர் நேரே வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டார். வரவேற்க நின்ற ஹாஜியாரிடமே அந்த மாமா, “இது ஆமைக்கால் வீடுதானே?” என்று கேட்டுவிட்டார்.

“சரியா வந்து சேந்தாங்கதானே ஹாஜி” என்றேன். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பின்னேரம் ஸகியா அந்தப் பக்கத்தை யார் நிரப்பியது என்று பார்த்தாள். ஹாஜியாரின் சொந்த மச்சினன், தோஹாவிலிருந்து. “எங்கட மச்சான், ஆமைக்கால் ஹாஜியார், தங்கமான மனுசன்” என்று அன்பாகத்தான் எழுதியிருந்தார். இதை ஹாஜியாருக்குக் காட்டுவோம் என்றேன். ஸகியா வேண்டாம் என்றாள்.

“பிழ என்ட காக்கா. வாயால சொல்லுறது வேற, எழுதி வைக்கிறது வேற. எழுதினா ஆக்கள்ற முகத்துக்கு நேர சொல்லுற மாதிரி. எனக்கு விளங்கியிரிக்கணும்.”

அன்றே நாலாவது கேள்வியை மூடினாள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் அனுப்பி, “உங்கள் ஊர்ப்பெயரைக் காட்டலாமா?” என்று கேட்டாள். 340 பேர் சம்மதித்தார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அதனால் தேடுகிறவர்கள் தேடிக் களைத்தார்கள். ஹாஜியாரின் மகளுக்கு அதே மாப்பிள்ளையோடு கலியாணம் நடந்தது. ஹாஜியாரின் கோபம் மட்டும் போகவில்லை.

அதே காலத்தில் இளம் ஆட்கள் கழன்று போகத் தொடங்கினார்கள். முதலில் ‘ஹை5’க்குப் போனார்கள். அங்கே பக்கத்துக்கு நிறம் போடலாம், பாட்டுப் போடலாம். பிறகு பேஸ்புக். ஸகியாவின் மாணவிகளே “டீச்சர், நீங்க இன்னும் அதில இல்லையா?” என்று பகிடி பண்ணினார்கள். அவளும் போய்ப் பதிந்து ஒரு வாரம் ஊன்றிப் பார்த்தாள்.

“நல்லாச் செஞ்சிரிக்கானுகள் காக்கா. எந்த ஸ்கூல் எண்டு கேக்கான், என்ன படம் விருப்பம் எண்டு கேக்கான். உம்மா ஆரெண்டு கேக்கல்ல.”

“நாமளும் பாட்டுப் போட்டா என்ன?”

“மையத்தத் தேடுற பக்கத்திலயா?”

பிரேதத்தைத் தேடும் பக்கத்தில் பாட்டு எதற்கு என்று எனக்கும் பட்டது.

2009 மேயில் யுத்தம் முடிந்தது. வீதியில் சோதனைச் சாவடிகள் குறையத் தொடங்கின. சங்கத்துக்கும் உற்சாகம் வந்தது. இனி வெளியார் வருவார்கள், ஊருக்கு ஒரு முகம் வேண்டும், தளத்தைச் சங்கம் பொறுப்பெடுக்க வேண்டும் என்று மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மூன்றிலும் எழுந்து “இது என் தங்கச்சிர தளம், அவவைக் கேளுங்க” என்றேன். மூன்றிலும் சிரித்தார்கள். பொன்னாடை போர்த்தி என்னைக் கௌரவிப்பதாகவும் தீர்மானம் எழுதினார்கள். வேண்டாத பொன்னாடையை எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸகியாவுக்குப் பொன்னாடையைப் பற்றிக் கவலையில்லை. அவளுடைய கவலை ஒன்றே ஒன்று. தளத்தில் விடை கிடைக்காத தேடல்கள் 212 இருந்தன. உடலும் கிடைக்காமல், செய்தியும் கிடைக்காமல், யாரோ ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் 212 ஆட்கள். சங்கத்தார் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு ஊர்ச் செய்தியும் தலைவரின் வாழ்த்தும் போடப் போகிறார்கள் என்று செயலாளர் முத்தலிப் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். தளம் கைமாறினால் அந்த 212 பேரும் அன்றோடு சரி.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அஸர் தொழுது முடிந்த கையோடு ஹாஜியாரும் முத்தலிப்பும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முத்தலிப்பின் கையில் தட்டச்சு செய்த கடிதம். ‘தளத்தின் உரிமையாளராகிய நான்’ என்று தொடங்கி அடியில் என் முழுப்பெயரும் புள்ளிக்கோடும்.

“ஒப்பத்த வையுங்க முனாப். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறம்” என்றார் முத்தலிப்.

“நான் ஒப்பம் வச்சா அது பொய். நான் உரிமையாளரில்ல.”

ஹாஜியார் பெருமூச்சு விட்டார். “திரும்பவும் அந்தப் பாட்டா? இன்னும் எத்தின நாளைக்குத் தங்கச்சிர முந்தானைக்குள்ள ஒளிப்பாய்?”

அறைக்குள் கதிரை நகரும் சத்தம் கேட்டது. ஸகியா வெளியே வந்தாள். உம்மா பின்னாலேயே வந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

“ஹாஜி, ஒண்டு கேக்கன். அந்த இருநூத்திப் பன்னெண்டு பேரயும் எங்க வைப்பீங்க?”

ஹாஜியார் முத்தலிப்பைப் பார்த்தார். முத்தலிப் சிரித்தார். “தங்கச்சி, நாலரை வரிசமாப் போச்சு. அதெல்லாம் பழசு. இப்ப எல்லாரும் பேஸ்புக்ல.”

“உங்களுக்குப் பழசு. போன கிழமையும் மூணு பேர் உள்ளுக்கு வந்து தேடியிரிக்காங்க. ஆரெண்டு சொல்லட்டா?”

“இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தானே நிருவாகி.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் புளித்திருந்தது.

“அப்ப என்ட வீட்டுக்கு அந்தப் பேரப் போட்டதும்...”

“கேள்வியப் போட்டது நான் ஹாஜி. அது என்ட பிழ. நேர வந்து மாப்புக் கேட்டிரிக்கணும், கேக்கல்ல. இப்ப கேக்கன். அந்தக் கோபத்த என்னில வையுங்க. காக்காவில வையாதீங்க, காணாமப் போனவங்களிலயும் வையாதீங்க.”

ஸகியா மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். உம்மா மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஒப்பம் வைக்காத மகள். இனி உன்னப் பொண்ணு கேட்டு ஆரு வருவான்?”

“வாறவன் வரட்டும் உம்மா.”

என்னுடைய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே எழுதியதை அப்படியே தருகிறேன்: “இத்தளம் ஒப்படைக்கப்படமாட்டாது. விடை கிடைக்காத தேடல்கள் 212உம் இங்கேயே இருக்கும்.” அதற்குக் கீழே ஒப்பமிட்டாள். ஒப்பத்துக்குக் கீழே தெளிவான எழுத்தில் “ஸகியா, நிருவாகி” என்று எழுதிக் கடிதத்தை இரண்டாக மடித்து ஹாஜியாரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. முத்தலிப் வாங்கினார். தேத்தண்ணியை எவரும் குடிக்கவில்லை. உம்மா நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை.

அன்று பின்னேரமே அந்த இரண்டு வரிகளையும் தளத்தின் முதற்பக்கத்தில் போட்டு, என் இலக்கத்தை எடுத்துவிட்டு, கீழே தன் பெயரையும் தன் இலக்கத்தையும் போட்டாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. சரியாகவில்லை. அந்த மாதமே 163 பேர் பெயரை வெட்டிக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளை நடத்தும் தளத்தில் தங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் இருப்பது சரியில்லை என்று சிலர் காரணம் எழுதினார்கள். அதற்கு எனக்கு இன்றுவரை அர்த்தம் விளங்கவில்லை. சங்கம் பேஸ்புக்கில் தனியாக ஒரு பக்கம் திறந்தது. அதில் அதிகம் இருப்பது மாலை போட்ட படங்கள். சந்தியில் இன்னமும் என் கையைப் பிடிக்கிறார்கள். 212 இப்போது 209 ஆகியிருக்கிறது. மூன்று பேரைப் பற்றித் தெரியவந்ததில் ஒருவர் மட்டும் ஹயாத்தோடு, உயிரோடு இருந்தார்.

ஸகியா அந்தத் தளத்துக்குத் தன் பெயரில் முதன்முதலாக ஒப்பமிட்ட திகதி: 2009 ஜூன் 14.